பட்டன் போன் போதும்: கடைக்குக் கடை மளிகை விலையை ஒப்பிடுவது எப்படி?

மளிகை விலையை ஒப்பிட ஆப் வேண்டும், பார்கோடை ஸ்கேன் செய்ய வேண்டும் என்று நினைத்துக்கொண்டு பலர் அந்த வேலையில் இறங்குவதே இல்லை. ஆனால் கையில் ஸ்மார்ட்போன் வைத்திருப்பவரிடம் "இரண்டு மாதத்துக்கு முன்னால் எண்ணெய் என்ன விலைக்கு வாங்கினீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். முழிப்பார்.

விலை ஒப்பீட்டில் இரண்டு வேலை உண்டு. இந்தக் கடைக்கும் அந்தக் கடைக்கும் என்ன வித்தியாசம் என்று பார்ப்பது ஒன்று. அன்றைய விலைக்கும் இன்றைய விலைக்கும் என்ன வித்தியாசம் என்று பார்ப்பது இன்னொன்று. இரண்டாவது தெரியாமல் முதலாவதை மட்டும் பார்த்தால், இரண்டு கடையும் விலை ஏற்றியிருக்கும்போது குறைவாக ஏற்றியவரைப் பார்த்து "மலிவு" என்று சந்தோஷப்பட்டுக்கொண்டு வருவோம். இந்த இரண்டு வேலைக்கும் ஒரு சின்ன நோட்டும் பேனாவும் போதும். கணக்குப் போட பட்டன் போனிலேயே கால்குலேட்டர் இருக்கிறது.

கீழே வரும் விலைகளை வெறும் எண்ணாகத்தான் கொடுத்திருக்கிறேன். உங்கள் ஊர்ப் பணமாக நினைத்துக்கொள்ளுங்கள்.

1. எதை ஒப்பிடுவது என்று முதலில் முடிவு செய்யுங்கள்

வீட்டுக்கு வாங்கும் எல்லாப் பொருளையும் எழுத ஆரம்பித்தால் ஒரு வாரத்தில் சலித்துவிடும். கிடைக்கிற பழைய பில்களை எடுத்து வையுங்கள். ஒவ்வொரு பொருளுக்கும் மாதத்தில் மொத்தம் எவ்வளவு போகிறது என்று கூட்டுங்கள். அரிசி, மாவு, எண்ணெய், பால், பருப்பு, சர்க்கரை, முட்டை, சோப்பு, துணி துவைக்கும் பவுடர் என்று பத்துப் பன்னிரண்டு பொருள்கள் தனியாக மேலே வந்து நிற்கும். அவை மட்டும் போதும். உப்பு எந்தக் கடையில் மலிவு என்று அலைவதில் ஒன்றும் மிஞ்சாது.

பொருளின் பெயரோடு தரத்தையும் எழுதுங்கள். "அரிசி" என்று மட்டும் எழுதினால் பிரயோஜனம் இல்லை. எந்த ரகம், பாக்கெட்டா சில்லறையா, எந்த பிராண்டு என்பதையும் சேர்த்து எழுத வேண்டும். பிராண்டு உங்களுக்கு முக்கியமில்லை என்றால் "எந்த பிராண்டானாலும் சரி" என்று எழுதிக்கொள்ளுங்கள். அதைவிட வசதியான நிலை வேறில்லை. அப்படிப்பட்டவருக்குத்தான் கடைக்குக் கடை வித்தியாசம் அதிகமாகக் கிடைக்கும்.

2. ஒரு பொருளுக்கு ஒரு பக்கம்

புதிதாகத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் ஒரு கடைக்கு ஒரு பக்கம் என்று ஒதுக்குவார்கள். அப்படிச் செய்யாதீர்கள். சர்க்கரை எங்கே மலிவு என்று பார்க்க மூன்று பக்கம் புரட்ட வேண்டியிருக்கும். ஒரு பொருளுக்கு ஒரு பக்கம் ஒதுக்கினால் எல்லா விலையும் ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கும். கண்ணே வித்தியாசத்தைச் சொல்லிவிடும். கடைகளின் பெயரை முழுதாக எழுத வேண்டாம். அட்டையின் உள்பக்கத்தில் அ, ஆ, இ என்று அடையாளம் வைத்துக்கொண்டால் போதும்.

ஒரு பக்கம் இப்படி இருக்கும்:

சர்க்கரை (எந்த பிராண்டானாலும் சரி)
3-ஆம் தேதி, அ கடை, 1 கிலோ பாக்கெட், விலை 46, கிலோ 46
9-ஆம் தேதி, ஆ கடை, சில்லறை 500 கிராம், விலை 24, கிலோ 48
17-ஆம் தேதி, இ கடை, 5 கிலோ மூட்டை, விலை 215, கிலோ 43
24-ஆம் தேதி, அ கடை, 1 கிலோ பாக்கெட், விலை 41, கிலோ 41, ஆஃபர்

நான்கு வரிதான். இதிலேயே எவ்வளவு தெரிகிறது பாருங்கள். வழக்கமான விலையில் மொத்தக் கடையான இ மலிவு. ஆனால் அ கடையில் ஆஃபர் வரும்போது அது இ கடையையும் தோற்கடிக்கிறது. 5 கிலோ மூட்டையைத் தூக்கிக்கொண்டு வராமல் ஆஃபருக்குக் காத்திருக்கலாமா என்றால், அந்த ஆஃபர் எத்தனை நாளைக்கு ஒருமுறை வருகிறது என்று தெரிய வேண்டும். மூன்று நான்கு மாதம் எழுதினால் அதுவும் தெரிந்துவிடும். அதனால்தான் தேதி அவசியம். ஆஃபர் விலையை வழக்கமான விலையோடு கலந்துவிடாமல் அடையாளம் போட்டு எழுதுவதும் அவசியம்.

3. எல்லாவற்றையும் ஒரே அளவுக்குக் கொண்டுவாருங்கள்

வேலையின் உயிர்நாடி இதுதான். ஒரு கடையில் 400 கிராம் பாக்கெட், இன்னொன்றில் 750 கிராம் பாக்கெட். விலையை மட்டும் பார்த்தால் எதுவும் புரியாது. கிலோவுக்கு எவ்வளவு, லிட்டருக்கு எவ்வளவு, ஒன்றுக்கு எவ்வளவு என்று மாற்றினால்தான் பேச முடியும்.

கால்குலேட்டரில் விலையை முதலில் அடியுங்கள். அதை கிராமால் வகுத்து, வருவதை 1000 ஆல் பெருக்குங்கள். 340 கிராம் பாக்கெட் 68 என்றால் 68 ÷ 340 × 1000 = 200. எந்த விசித்திர எடைக்கும் இது சரியாக வரும்.

அடிக்கடி வரும் எடைகளுக்குக் கால்குலேட்டரே வேண்டாம். 500 கிராம் என்றால் இரண்டால் பெருக்க வேண்டும். 250 என்றால் நான்கால், 200 என்றால் ஐந்தால். 400 கிராம் என்றால் நான்கால் வகுத்து ஒரு பூஜ்யம் சேர்க்க வேண்டும். 750 என்றால் மூன்றால் வகுத்து நான்கால் பெருக்க வேண்டும். 800 என்றால் விலையோடு அதில் கால் பங்கைக் கூட்டினால் போதும். 120 என்பது 150 ஆகும். இப்போது மேலே சொன்ன இரண்டு பாக்கெட்டைப் பார்ப்போம். 400 கிராம் 92, 750 கிராம் 165. முதலாவது 23, பூஜ்யம் சேர்த்தால் கிலோ 230. இரண்டாவது 55, நான்கால் பெருக்கினால் கிலோ 220. கிலோவுக்கு 10 வித்தியாசம்.

பெரிய பாக்கெட் எப்போதும் மலிவு என்று நம்பிவிடாதீர்கள். பெரும்பாலும் மலிவாக இருக்கும். சில சமயம் சின்னதற்கு ஆஃபர் போட்டிருப்பார்கள், சில சமயம் "ஃபேமிலி பேக்" என்று பெரிதாக எழுதிவிட்டு விலையில் ஒன்றும் குறைத்திருக்க மாட்டார்கள். கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு எடுங்கள்.

எண்ணெயில் ஒரு குழப்பம் உண்டு. ஒரு கடையில் லிட்டர் கணக்கு, இன்னொரு கடையில் கிலோ கணக்கு. இரண்டும் ஒன்றல்ல. சமையல் எண்ணெய் தண்ணீரைவிட லேசானது. ஒரு லிட்டர் எண்ணெய் ஏறத்தாழ 910 கிராம்தான் இருக்கும். ஆகவே லிட்டர் விலையோடு அதில் பத்தில் ஒரு பங்கைக் கூட்டினால் கிலோ விலை தோராயமாக வந்துவிடும். லிட்டர் பாக்கெட் 140, கிலோ டின் 150 என்று வைத்துக்கொள்ளுங்கள். பார்த்த மாத்திரத்தில் பாக்கெட்தான் மலிவு என்று தோன்றும். 140-உடன் 14 சேர்த்தால் கிலோ 154. டின்தான் மலிவு. பாக்கெட்டின் மேலேயே சில சமயம் மில்லிலிட்டர், கிராம் இரண்டும் அச்சிட்டிருப்பார்கள். இருந்தால் கிராமைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

பவுண்டில் விற்கும் நாட்டில் இருந்தால் ஒரு பவுண்டு 454 கிராம். பவுண்டு விலையை 2.2 ஆல் பெருக்கினால் கிலோ விலை. அவுன்ஸில் ஜாக்கிரதை. எடைக்கும் அவுன்ஸ் உண்டு, திரவத்துக்கும் அவுன்ஸ் உண்டு. எடை அவுன்ஸ் சுமார் 28 கிராம்.

சில நாடுகளில் இந்தக் கணக்கைக் கடையே போட்டு அலமாரியில் ஒட்டியாக வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் 1998-இல் இதற்கு விதி கொண்டுவந்தது. ஆஸ்திரேலியாவில் பெரிய மளிகைக் கடைகளுக்கு 2009 டிசம்பரிலிருந்து கட்டாயம். அலமாரிச் சீட்டில் பெரிய எழுத்தில் விற்பனை விலை இருக்கும், ஓரத்தில் பொடி எழுத்தில் "100 கிராமுக்கு இவ்வளவு" என்று இருக்கும். நீங்கள் எழுத வேண்டியது அந்தப் பொடி எழுத்தைத்தான். ஒரு சீட்டில் 100 கிராம் கணக்கும் பக்கத்துச் சீட்டில் கிலோ கணக்கும் இருக்கலாம், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். பார்வை மங்கலாக இருப்பவர்கள் சின்னப் பூதக்கண்ணாடி ஒன்றைப் பையில் போட்டு வைப்பது நல்லது.

4. விலையைச் சேகரிப்பது

முதல் வழி பில். நீங்கள் உண்மையில் கொடுத்த விலை அதில்தான் இருக்கிறது. வீட்டுக்கு வந்த அன்றே நோட்டில் ஏற்றிவிடுங்கள். இப்போது பெரும்பாலான கடைகளில் தருவது சூட்டில் அச்சாகும் வழவழப்பான காகிதம். வெயில், சூடு, பிளாஸ்டிக் உறை எதுவும் அதற்கு ஆகாது. எழுத்து வெளுத்துப்போய் வெறும் தாள் மிஞ்சும்.

இரண்டாவது வழி அலமாரி. ஒரு காலத்தில் ஒவ்வொரு பொருளின் மேலும் விலையை ஒட்டியிருப்பார்கள். 1974 ஜூன் 26 அன்று அமெரிக்காவின் ஓஹையோ மாநிலம் டிராய் நகரில் ஒரு சூயிங் கம் பாக்கெட்டை முதன்முதலாக பார்கோடு வழியாக பில் போட்டார்கள். அதற்குப் பிறகு மெல்ல மெல்லப் பொருளின் மேலிருந்த விலை அலமாரிக்குப் போய்விட்டது. ஆகவே வீட்டில் இருக்கும் பாக்கெட்டைப் பார்த்து விலை எழுத முடியாது. சில நாடுகளில் உறையில் அதிகபட்ச விலை அச்சிட்டிருப்பார்கள். அது உச்சவரம்புதான், கடை விற்கும் விலை அதைவிடக் குறைவாக இருக்கலாம்.

கடைக்குள் நின்று எழுதக் கூச்சமாக இருந்தால், வாங்க வேண்டியவற்றின் பட்டியலில் ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் கொஞ்சம் இடம் விட்டு எடுத்துப் போங்கள். பட்டியலைப் பார்த்து டிக் போடுவதுபோல விலையைக் குறித்துக்கொண்டே போகலாம். ஒருவரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். ஒரே நடையில் எல்லாப் பொருளையும் எழுத நினைக்காதீர்கள். வாங்கப் போகும்போது கூடுதலாக மூன்று நான்கு பொருளின் விலையைப் பார்த்து வந்தால் போதும்.

மூன்றாவது போன். சின்னக் கடைகளில் இது நன்றாக நடக்கும். கூட்டமில்லாத நேரமாகப் பார்த்துக் கூப்பிடுங்கள். "எண்ணெய் என்ன விலை?" என்று கேட்காதீர்கள்; அதற்குப் பத்துப் பதில் உண்டு. "அண்ணா, கடலை எண்ணெய் ஒரு லிட்டர் பாக்கெட், இருக்கறதுலயே குறைஞ்ச விலை எது?" என்று கேளுங்கள். ஒரு தடவைக்கு மூன்று பொருளுக்கு மேல் கேட்காமல் இருந்தால் அடுத்த தடவையும் முகம் சுளிக்காமல் சொல்வார்கள். போனில் கேட்ட விலைக்குப் பக்கத்தில் "போ" என்று போட்டு வையுங்கள். கவுன்ட்டரில் கொடுத்த விலையும் காதில் கேட்ட விலையும் ஒரே நம்பிக்கைக்கு உரியவை அல்ல.

பத்திரிகையோடு வரும் நோட்டீஸ், கடை வாசலில் ஒட்டும் போஸ்டர் இவற்றையும் பாருங்கள். ஆனால் அதில் இருப்பது கூட்டத்தை இழுக்கக் குறைத்துப் போட்ட நான்கைந்து பொருள்தான். சர்க்கரையில் விட்டதை பிஸ்கட்டில் பிடித்துவிடுவார்கள். ஒரு நோட்டீஸை வைத்து அந்தக் கடையே மலிவு என்று முடிவு கட்ட வேண்டாம். பொருளுக்குப் பொருள் பக்கம் ஒதுக்கச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். "எந்தக் கடை மலிவு?" என்ற கேள்விக்குப் பதிலே கிடையாது, "எந்தப் பொருளுக்கு எந்தக் கடை?" என்று கேட்டால் உண்டு.

காய்கறி, பழம், மீன் போன்றவை நாளுக்கு நாள் மாறும். போன வாரம் அந்தக் கடையில் பார்த்ததை இந்த வாரம் இந்தக் கடையில் பார்த்ததோடு ஒப்பிட்டால் தப்பான முடிவுக்கு வருவீர்கள். ஒரே நாளில் இரண்டு இடத்திலும் பார்க்க முடிந்தால் மட்டும் எழுதுங்கள். சோப்பு, சர்க்கரை போன்றவற்றுக்கு மாதம் ஒருமுறை பார்த்தாலே தாராளம்.

5. கிலோ விலைக்குள் அகப்படாதவை

டின்னில் அடைத்து வரும் பொருளில் பாதி தண்ணீராகவோ பாகாகவோ இருக்கலாம். "நிகர எடை", "வடித்த எடை" என்று இரண்டு எண் போட்டிருந்தால் வடித்த எடையை எடுங்கள். 400 கிராம் டின் இரண்டு. ஒன்றில் வடித்த எடை 240, விலை 72. மற்றதில் 270, விலை 76. முதலாவது கிலோ 300, இரண்டாவது 281. விலை கூடியதுதான் மலிவு.

சில்லறையாக வாங்கும் பருப்பிலும் அரிசியிலும் கல், தூசி, உடைசல் இருக்கும். ஒரு தடவை புடைத்து எடுத்து, கழித்துப் போட்டதை எடை போட்டுப் பாருங்கள். கிலோ 100-க்கு வாங்கியதில் 50 கிராம் கழிவு போனால் உங்கள் உண்மை விலை 105. பாக்கெட் 103 என்றால் பாக்கெட்டே மேல், புடைக்கும் வேலையும் மிச்சம். எடை போடும் இடத்தில் தராசு பூஜ்யத்தில் நிற்கிறதா, பாத்திரத்தின் எடையைக் கழித்தார்களா என்று ஒரு பார்வை பாருங்கள்.

துணி பவுடருக்குக் கிலோ விலை பொய் சொல்லும். ஒன்று கிலோ 150, ஒரு துவைப்புக்கு 50 கிராம் போட வேண்டும். 20 துவைப்பு வரும், ஒன்றுக்கு 7.5. இன்னொன்று கிலோ 210, ஆனால் 30 கிராம் போதும். 33 துவைப்பு வரும், ஒன்றுக்கு 6.4. உறையின் பின்பக்கத்தில் ஒரு துவைப்புக்கு எவ்வளவு என்று எழுதியிருப்பார்கள். வீட்டில் அளந்து போடாமல் கையால் அள்ளிப் போடுகிறவர்கள் இந்தக் கணக்கை மறந்துவிடலாம்.

பிறகு, விலையை ஏற்றாமல் எடையைக் குறைக்கும் வித்தை. 500 கிராம் பாக்கெட் 90. சில மாதம் கழித்து அதே உறை, அதே 90, எடை மட்டும் 450. கிலோ 180 ஆக இருந்தது 200 ஆகிவிட்டது. 11 சதவீத விலையேற்றம். விலையைப் பார்க்கிறவர் கண்ணுக்கு இது படாது. நோட்டில் அளவுக்கென்று தனி இடம் வைத்திருப்பவர் உடனே பிடித்துவிடுவார்.

6. ஆஃபரும் ஆப்-விலையும்

"இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம்" என்றால் இரண்டின் விலையை மூன்றால் வகுங்கள். ஒன்று 60 என்றால் 120 ÷ 3 = 40. நல்ல விலைதான், மூன்றாவது கெட்டுப்போவதற்குள் தீர்ந்தால். "50 சதவீதம் வரை தள்ளுபடி" என்பதில் "வரை"யைத்தான் முதலில் படிக்க வேண்டும்.

இப்போது சில கடைகளில் விலைச் சீட்டிலேயே இரண்டு விலை போடுகிறார்கள்: எல்லாருக்கும் ஒன்று, ஆப் வைத்திருப்பவருக்கு ஒன்று. கவுன்ட்டரில் கேளுங்கள். பிளாஸ்டிக் அட்டை தருவார்களா, போன் நம்பரைச் சொன்னால் அதே விலை கிடைக்குமா? சில இடங்களில் கிடைக்கும். கிடைக்காது என்றால் அந்தக் குறைந்த விலையை நோட்டில் எழுதவே எழுதாதீர்கள். நீங்கள் கொடுக்கப்போகும் விலை எதுவோ அதுதான் உங்களுக்கு விலை. வரி சேர்க்காமல் விலை எழுதும் நாடுகளிலும் இதே விதி. ஒரு கடைக்கு வரியோடும் இன்னொன்றுக்கு வரியில்லாமலும் எழுதினால் ஒப்பீடு கெட்டது.

7. போய்வரும் செலவு

மொத்தக் கடைக்குப் போய்வர பஸ்ஸுக்கு 30 ஆகிறது என்று வைப்போம். சர்க்கரையில் கிலோவுக்கு 3 மிச்சம், 5 கிலோவுக்கு 15. அதற்காக மட்டும் போனால் 15 நஷ்டம். எண்ணெயில் லிட்டருக்கு 8 மிச்சமாகி நான்கு லிட்டர் வாங்கினால் 32. இரண்டும் சேர்ந்து 47. பஸ் போக 17. அரை நாளுக்கு 17 பெறுமா என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். எனக்குப் பெறாது, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கெடாத பொருள்களை எல்லாம் சேர்த்து வாங்கிவருவதாக இருந்தால் போவேன். வேறு வேலையாக அந்தப் பக்கம் போகிறீர்கள் என்றால் பஸ் செலவைக் கணக்கில் சேர்க்கவே வேண்டாம்.

நடைமுறையில் இரண்டு கடை, மிஞ்சிப்போனால் மூன்று. அதற்கு மேல் சுற்றினால் செருப்புதான் தேயும்.

8. நோட்டைக் கடைக்குக் கொண்டுபோக வேண்டாம்

இரண்டு மூன்று மாதம் எழுதிய பிறகு ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு "வாங்கலாம்" விலை உங்களுக்குப் பிடிபடும். ஆஃபர் இல்லாமலே வழக்கமாகக் கிடைக்கும் குறைந்த விலை அது. பட்டன் போனில் ஒரு எஸ்எம்எஸ் அடித்து, யாருக்கும் அனுப்பாமல் டிராஃப்டில் சேமித்து வையுங்கள்: சர்க்கரை 43, எண்ணெய் லி 132, பவுடர் துவைப்புக்கு 6.4 என்று. கடையில் நிற்கும்போது திறந்து பார்த்தால் போதும். அந்த விலைக்கு மேல் என்றால் தேவைக்கு மட்டும் வாங்குவது, கீழே என்றால் கெடாத பொருளாகப் பார்த்துக் கொஞ்சம் கூடுதலாக எடுப்பது.

பணம் கொடுத்ததும் கவுன்ட்டரை விட்டு நகர்வதற்குள் பில்லைப் பாருங்கள். அலமாரிச் சீட்டை மாற்ற மறந்திருப்பார்கள், அல்லது ஆஃபர் கம்ப்யூட்டரில் ஏறியிருக்காது. பொருளை எடுக்கும்போதே விலையைக் குறித்து வைத்திருப்பதால் உங்களால் சுட்டிக்காட்ட முடியும். "சீட்டுல 41-னு போட்டிருந்ததே, பில்லுல 46 வந்திருக்கே" என்றால் பெரும்பாலும் சத்தமில்லாமல் திருத்திவிடுவார்கள்.

பக்கத்து வீட்டில் யாராவது வேறு கடையில் வாங்குகிறவராக இருந்தால் அவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வாரம் ஒருமுறை போனில் விலை மாற்றிக்கொண்டால் இருவருக்கும் அலைச்சல் பாதியாகும். ஆனால் தொடங்குவதற்கு முன் எந்தப் பொருள், எந்த அளவு, எந்த ரகம் என்று பேசி வைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் அவர் "எண்ணெய் 140" என்று சொல்ல, அது லிட்டரா கிலோவா என்று கேட்க நீங்கள் திரும்பவும் கூப்பிட வேண்டிவரும்.